பின் ஸ்பிரிங் மாற்றக் கற்கும் தம்பிகளுக்கு

பினாங்குத் தீவில் ஓடும் பழைய பிக்கப் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு குடும்பத்தின் சோறு. பாலிக் பூலாவிலிருந்து டுரியான், பத்து மாவுங்கிலிருந்து மீன், ஆயர் ஈத்தாம் சந்தைக்குக் காய்கறி, தைப்பூசத்துக்குத் தேங்காய், வீடு கட்டுகிறவருக்கு மணல் என்று எல்லாம் பழைய ஹைலக்ஸ், இசூசு, நிசான் முதுகில்தான் வருகிறது. அந்த முதுகு இறங்கிப்போய் வண்டி பட்டறைக்கு வரும்போது, வேலை கற்கும் பிள்ளைகள் முதலில் பார்ப்பது உயரத்தை. “பின்னால் உட்கார்ந்துவிட்டது அண்ணே, தூக்கிவிடலாம்” என்று ஆரம்பிக்கிறார்கள். உயரம் இரண்டாவது விஷயம் தம்பி. இந்த வண்டிகளில் பின் எக்சலை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பதே அந்தப் பட்டை ஸ்பிரிங்தான். காரில் இருப்பதுபோல் தனியாகக் கம்பியோ கையோ கிடையாது. ஸ்பிரிங்கைக் கழற்றுகிறாய் என்றால் எக்சலின் பிடியையே கழற்றுகிறாய். நான் கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றை நினைவில் வைத்துத்தான்.

1. சாவி கைக்கு வந்ததும் ஜேக்கைத் தேடாதே, அளவு நாடாவைத் தேடு. சாமான் எதுவும் இல்லாமல் வண்டியைச் சமதரையில் நிறுத்து. பின் ஹப்பின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரைக்கும் அள. தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் கணக்கில் சேர்ந்து குழப்பும். அடுத்து, முன்சக்கரத்தை நேராக வைத்து, அதன் நடுவுக்கும் பின்சக்கரத்தின் நடுவுக்கும் உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் எடு. இரண்டும் ஒத்து வரவேண்டும். ஒரு பக்கம் ஒரு சென்டிமீட்டர் குறைகிறதென்றால் எக்சல் நகர்ந்திருக்கிறது. பட்டைகளை ஒன்றாகக் கோர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்திருக்கலாம், இல்லையென்றால் ஸ்பிரிங் முனைக் கண்ணிலுள்ள ரப்பர் புஷ் தேய்ந்து போயிருக்கலாம். அப்படிப்பட்ட வண்டியை நேர்ச்சாலையில் பின்னாலிருந்து பார்த்தால் நண்டு நடப்பதுபோல் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடுவது தெரியும். வண்டிக்காரர் டயர் ஒரு பக்கமாகத் தேய்கிறது என்று அலைன்மெண்ட் கடைக்கு அலைந்து கொண்டிருப்பார். எல்லா அளவையும் வேலைச் சீட்டிலேயே எழுதிவிடு. மனதில் வைத்திருக்கும் அளவு மத்தியானச் சாப்பாட்டுக்குள் மறந்துபோகும்.

2. ஏன் இறங்கியது என்று தெரியாமல் புதுசு போடாதே.

ஸ்பிரிங் “சோர்ந்துவிட்டது” என்று சொல்வதைக் கேட்டிருப்பாய். எஃகின் விறைப்பு சோர்வதில்லை. பாரம் எவ்வளவோ அவ்வளவு வளைவு என்று 1678-இல் விஞ்ஞானி ராபர்ட் ஹூக் எழுதினார். இருபது வருஷம் ஓடிய ஸ்பிரிங்குக்கும் அது பொருந்தும். ஒரு எல்லையைத் தாண்டி வளைத்தால்தான் எஃகு பழைய இடத்துக்குத் திரும்பாமல் கொஞ்சம் அங்கேயே நின்றுவிடும். வருஷக்கணக்கில் அதிகப் பாரம் ஏற்றிய ஸ்பிரிங் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நேராகிவிடுகிறது. ஆனால் அதன் மேல் இன்னும் நூறு கிலோ வைத்துப் பார்த்தால், புதுசாக இருந்தபோது எவ்வளவு இறங்கியதோ ஏறக்குறைய அவ்வளவுதான் இறங்கும். போனது வளைவு, விறைப்பு அப்படியே இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால், இறங்கிய வண்டிக்கு எப்போதுமே இன்னும் கனமான ஸ்பிரிங் போடவேண்டும் என்று அவசரப்பட மாட்டாய். சரியான வளைவுள்ள அதே ஸ்பிரிங் பல நேரம் போதும்.

துரு ஏறிய ஸ்பிரிங்கின் கதை வேறு. பட்டையின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஆறு மில்லிமீட்டர்ப் பட்டையைத் துரு தின்று ஐந்தரையாக்கினால், போனது அரை மில்லிமீட்டர்தான் என்று தோன்றும். விறைப்பில் ஏறக்குறைய கால் பங்கு போய்விட்டிருக்கும். தீவில் கடல் காற்று எல்லா வண்டிக்கும் பொது. மீன் வண்டிக்கு அது போதாதென்று, ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் பெட்டியின் சந்து வழியாகப் பின் ஸ்பிரிங்கின் மேலேயே சொட்டிக்கொண்டிருக்கும். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே துரு தடித்து, இரண்டையும் நெம்பிப் பிரித்து வைத்திருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டினால் செதில் செதிலாகக் கொட்டும். அந்த வண்டிக்காரரிடம், தினமும் மீன் இறக்கியதும் அடியில் நல்ல தண்ணீர் அடிக்கச் சொல். அது உன் வேலையில் சேர்ந்ததுதான்.

3. உடைந்த பட்டை கிடைத்தால் பழைய இரும்புக் குவியலில் போடுவதற்கு முன் உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார். ஒரு பகுதி கறுத்து, வழவழப்பாக, மெல்லிய வளைகோடுகளோடு இருக்கும். மீதிப் பகுதி சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாகப் பளபளக்கும். கறுத்த இடம் வெகுநாளாகவே மெல்ல மெல்ல விரிந்துவந்த விரிசல். பளபளக்கும் இடம் கடைசியாக ஏதோ ஒரு குழியில் ஒரே அடியில் போனது. “நேற்று அந்தப் பள்ளத்தில் விழுந்ததால்தான் உடைந்தது” என்று வண்டிக்காரர் சொல்வார். பாதிதான் உண்மை. விரிசல் எங்கே தொடங்கியது என்று தேடு. சென்டர் போல்ட் ஓட்டையில் தொடங்கியிருந்தால், ஸ்பிரிங் கட்டை எக்சலோடு பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்தே ஓடியிருக்கிறது என்று சந்தேகப்படு. துருக் குழியில் தொடங்கியிருந்தால் அதே கட்டில் மற்ற பட்டைகளும் அதே வழியில்தான் இருக்கின்றன. யாரோ வெல்டிங் செய்தபோது தெறித்த பொட்டிலிருந்தும் விரிசல் தொடங்கும். அதனால்தான் ஸ்பிரிங்கின் பக்கத்தில் வெல்டிங் செய்தால் அதை மூடிவிட்டுச் செய் என்கிறேன்.

4. எதை வாங்குவது என்பதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வாடிக்கையாளர் எப்போதும் மலிவான வழியைத்தான் முதலில் கேட்பார். கேட்கட்டும், அவர் காசு. எந்த வழியில் என்ன கிடைக்கும் என்று நேர்மையாகச் சொல்வது உன் பொறுப்பு.

முழுசாகப் புதுக் கட்டு போடுவதுதான் சரியான வழி. ஏபிஎம் போல மலேசியாவிலேயே பட்டை ஸ்பிரிங் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பழைய வண்டிக்குக் கிடைக்காது என்று கைவிரிக்காதே. வாங்கப் போகும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கிவராதே. பட்டை எத்தனை, அகலம் எவ்வளவு, தடிப்பு எவ்வளவு, கண்ணின் உள்விட்டம் எவ்வளவு என்று பார். முக்கியமாக, சென்டர் போல்டிலிருந்து முன் கண்ணுக்கும் பின் கண்ணுக்கும் உள்ள தூரத்தைத் தனித்தனியாக அள. நிறைய வண்டிகளில் சென்டர் போல்ட் சரி நடுவில் இருக்காது, ஒரு பாதி குட்டையாக இருக்கும். அதைத் திருப்பி மாட்டினால் எக்சல் முன்னாலோ பின்னாலோ போய்விடும். கட்டில் இடம் வலம் என்று குறி இருந்தால் அதையும் மதித்து நட.

வளைவு ஏற்றிக் கொடுக்கும் ஸ்பிரிங் கடைகளும் உண்டு. பட்டை தடிப்பு குறையாமல், விரிசல் இல்லாமல் இருந்தால் அது கெட்ட வழி அல்ல. ஆனால் எப்படிச் செய்கிறார்கள் என்று நின்று பார். ஸ்பிரிங் எஃகை 850 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, எண்ணெயில் குளிர்வித்து, பிறகு 450 முதல் 500 டிகிரியில் மறுபடி பதப்படுத்தினால்தான் அது ஸ்பிரிங். அந்த வசதி இல்லாதவர்கள் குளிர்ந்த நிலையிலேயே அழுத்தி வளைப்பார்கள். அதுவும் கொஞ்ச காலம் நிற்கும், பிறகு இறங்கும். வாடிக்கையாளரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடு. கேஸ் பிடித்து ஓர் இடத்தை மட்டும் சிவக்கக் காய்ச்சிச் சுத்தியலால் அடிக்கிறவரிடம் மட்டும் போகவே போகாதே. சிவந்த இடத்தில் பதம் போய்விடும். அங்கே அது வெறும் இரும்புப் பட்டை. கொஞ்ச நாளில் அங்கேதான் மடங்கும்.

கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பது தினமும் பாரம் ஏற்றுகிற வண்டிக்குத்தான். வெறும் வண்டியாக ஓடும்போது அது எகிறும், ஈரச் சாலைத் திருப்பத்தில் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும். பின் கண்ணைத் தாங்கும் ஷேக்கிளை நீளமாக்குவதும் எக்சலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் கட்டை வைப்பதும் ஸ்பிரிங் வேலையே அல்ல. இறங்கிய ஸ்பிரிங் இறங்கியபடியேதான் இருக்கும். போதாததற்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றிய குற்றமும் சேரும். பழைய வண்டிப் பாகம் விற்கும் ஹாஃப்கட் கடையில் கிடைக்கும் ஸ்பிரிங்கை நான் சிபாரிசு செய்வதில்லை. அது எத்தனை டன் சுமந்தது என்று யாருக்கும் தெரியாது.

எந்த வழியானாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்று. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் வண்டி சாய்ந்தே நிற்கும்.

5. இதை நிதானமாகப் படி. பின்பக்கத்தைத் தூக்குவதற்கு முன் முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வை. ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறேன், கியரிலும் போட்டிருக்கிறேன் என்று சொல்லாதே. டூவீல் டிரைவ் பிக்கப்பில் அந்த இரண்டும் பிடிப்பது பின்சக்கரத்தை. பின்சக்கரம் தரையை விட்டு எழுந்த அந்த நொடியிலிருந்து இரண்டாலும் உபயோகமில்லை. முன்சக்கரம் தாராளமாக உருளும், வண்டி ஸ்டேண்டிலிருந்து நழுவும்.

ஸ்டேண்டைச் சேசிஸுக்குக் கொடு, ஸ்பிரிங்கின் முன் கொளுவிக்குச் சற்று முன்னால். ஜேக் எக்சலுக்கு அடியில் இருக்கட்டும். ஜேக்கை மெல்ல இறக்கி, ஸ்பிரிங் பாரமெல்லாம் விட்டுத் தளர்ந்து நிற்கும் இடத்தில் நிறுத்து. அப்சார்பரின் கீழ் போல்ட்டை அதற்கு முன்பே கழற்றியிருக்க வேண்டும். எக்சல் இறங்கும்போது பிரேக் ஹோஸையும் ஹேண்ட்பிரேக் கேபிளையும் பார்த்துக்கொண்டே இரு. ஹோஸ் விறைத்து இழுபட ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்து. ஜேக்கை மட்டும் நம்பி, ஒரு நிமிஷ வேலைதானே என்று, உள்ளே தலையை நீட்டாதே.

ஜார்ஜ்டவுன் பழைய கடைவீட்டுப் பட்டறைகளில் இடம் பற்றாமல் சாலையோரத்தில் வேலை பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சாலை வடிகாலை நோக்கிச் சாய்ந்திருக்கும். மத்தியான வெயிலில் தார் இளகி ஸ்டேண்டின் கால் உள்ளே புதையும். ஸ்டேண்டுக்கு அடியில் தடித்த இரும்புத் தகடு போடு. சாய்வு கண்ணுக்குத் தெரிகிற அளவு இருந்தால் அந்த வேலையை அங்கே செய்யாதே. முதலாளி அவசரப்படுத்தினாலும் செய்யாதே. “உள்ளே இடம் வந்ததும் செய்கிறேன் தவுக்கே” என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார். எந்த முதலாளிக்காகவும் உன் நெஞ்சின் மேல் ஒன்றரை டன் விழக்கூடாது.

6. போல்ட் வராது. பினாங்கு வண்டியில் முன் கண்ணின் போல்ட் தானாகக் கழன்று வந்தால் அதிர்ஷ்டம். புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயும் போல்ட்டும் துருவில் ஒன்றாகிவிட்டிருக்கும். நட்டு கழன்றுவிடும், போல்ட் சுற்றும், ஆனால் ரப்பரும் சேர்ந்து சுற்றும், வெளியே வராது. முந்தின நாள் சாயங்காலமே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வை, காலையில் மறுபடி விடு. அப்படியும் வராவிட்டால் கண்ணுக்கும் கொளுவிக்கும் நடுவில் பிளேடு விட்டு அறுக்க வேண்டியதுதான். கிரைண்டர் எடுக்கிறாய் என்றால் முதலில் எண்ணெய்த் தாங்கி எந்தப் பக்கம் என்று பார். பிரேக் பைப் எந்த வழியாகப் போகிறது என்றும் பார். நனைத்த கோணிச் சாக்கால் இரண்டையும் மூடி, தீயணைப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு அறு. கேஸ் வைத்து ரப்பரை எரித்துக் கழற்றும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. தாங்கியின் பக்கத்தில் அது வேண்டாம்.

7. ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். இரண்டு பக்கமும் ஒரேயடியாகக் கழற்றினால் எக்சல் ஜேக்கின் மேல் உருளும், பின்னோக்கி நழுவும். தனியாளாக அதைத் திரும்ப இடத்துக்குக் கொண்டுவருவதற்குள் பொழுது போய்விடும். ஒரு பக்கத்தை மாட்டி யூ போல்ட் போட்ட பிறகு அடுத்த பக்கம் போ.

மாட்டும்போது முன் கண் முதலில், பிறகு ஷேக்கிள், கடைசியில் எக்சல். சென்டர் போல்டின் தலை எக்சல் மேடையிலுள்ள குழிக்குள் உட்கார வேண்டும். அந்தச் சின்னத் தலையும் குழியும்தான் எக்சல் இருக்கவேண்டிய இடத்தைச் சொல்கின்றன. உட்கார்ந்ததா என்று டார்ச் அடித்துப் பார், விரலை விட்டுப் பார்க்காதே. ஜேக் ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலும் விரல் போய்விடும்.

8. பழைய யூ போல்ட்டை மறுபடி போடாதே. முறுக்கும்போது அது இழுபட்டு நீளும். அந்த இழுவைதான் கட்டை எக்சலோடு அழுத்திப் பிடிக்கிறது. ஒரு தடவை நீண்டு துருப்பிடித்த போல்ட்டில் அந்தப் பிடி திரும்ப வராது. நான்கு நட்டையும் மாற்றி மாற்றிக் குறுக்காக முறுக்கு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரை நான்கிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கடைசி முறுக்கு டார்க் ரெஞ்சில், வண்டிப் புத்தகத்தில் இருக்கும் அளவுக்கு. காற்றுத் துப்பாக்கியில் முடித்துவிட்டு எழுந்துவிடாதே.

9. கண் போல்ட்டையும் ஷேக்கிள் போல்ட்டையும் வண்டி ஆகாயத்தில் இருக்கும்போது முழுசாக இறுக்காதே. ரப்பர் புஷ் வழுக்கிச் சுற்றுவதில்லை, முறுகித்தான் வேலை செய்கிறது. ஸ்பிரிங் தொங்கும்போது இறுக்கினால், வண்டியை இறக்கியதுமே ரப்பர் ஒரு பக்கமாக முறுகிவிடும். நிற்கும்போதும் ஓடும்போதும் அந்த முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். கையால் நட்டை ஓட்டி வை. சக்கரத்தைத் தரையில் வைத்து, வண்டியை இரண்டு மூன்று தடவை அமுக்கிவிட்டுப் பிறகு இறுக்கு. புது ஸ்பிரிங் போட்டும் கிறீச் கிறீச் என்று சத்தம் வருகிறது என்று திரும்பி வரும் வண்டிகளில் பல இந்த ஒரு படியைத் தாண்டிப்போனவை.

10. பிரேக் வால்வு. இதை ஸ்பிரிங் வேலையில் சேர்க்காத பட்டறை போமன்கள் நிறைய. பல பழைய பிக்கப்பில் எக்சலிலிருந்து ஒரு கம்பி மேலே போய்ச் சேசிஸில் இருக்கும் ஒரு வால்வைத் தொடும். பெட்டியில் பாரம் ஏறினால் சேசிஸ் இறங்கும், கம்பி வால்வைத் தள்ளும், பின்பிரேக்குக்கு அழுத்தம் கூடும். பாரம் இல்லையென்றால் வால்வு அழுத்தத்தைக் குறைக்கும், ஏனென்றால் லேசான பின்சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளும். வால்வுக்குப் பாரம் தெரியாது, உயரம்தான் தெரியும். ஸ்பிரிங் இறங்கிய வண்டியை அது எப்போதும் பாரத்தோடு இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தது. மழையில் வெறும் வண்டி பின்னால் வழுக்கியதற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம். நீ புது ஸ்பிரிங் போட்டுத் தூக்கியதும், முழுப் பாரத்தோடு போகும்போதும் அது பாதிப் பாரம் என்று நினைக்கலாம். பாலிக் பூலா மலைப் பாதையில் டுரியான் ஏற்றி இறங்கும் வண்டிக்கு இதைவிட ஆபத்து வேறில்லை. முன்பிரேக் ஒன்றே எல்லாவற்றையும் சுமக்கும், காயும், மிதித்தால் பிடிக்காது. கம்பியின் நீளத்தைப் புத்தகத்தில் சொன்னபடி சரிசெய். கம்பி துருவில் இறுகிப் போயிருந்தால் அதை இளக்காமல் வண்டியைக் கொடுக்காதே. சரக்கு வண்டியாகப் பதிந்தது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்குப் போகும், பிரேக் குறை அங்கே பிடிபடும். சொந்த வண்டிக்கு அந்தக் கண் கிடையாது. நீதான் பார்க்க வேண்டும்.

11. ஹெட்லைட்டையும் பார். பின்னால் ஏறினால் வெளிச்சம் தாழ்ந்துவிடும்.

12. ஓட்டிப் பார்க்கும்போது பட்டறையைச் சுற்றி ஒரு வட்டம் போதாது. மேடுபள்ளமுள்ள சாலையில் மெதுவாகப் போ, வேகத்தடையில் ஏற்றி இறக்கு, ஜன்னலைத் திறந்து வைத்துக் காது கொடு. பிறகு வேகமாகவும் போகவேண்டும். அதற்கு 1985-இல் திறந்த பழைய பினாங்குப் பாலம் நல்லது, பதிமூன்றரைக் கிலோமீட்டர். அதன் இணைப்புகளைக் கடக்கும்போது பின்பக்கம் ஒரு தடவை அசைந்து அடங்க வேண்டும். இரண்டு மூன்று தடவை ஆடினால் அப்சார்பர் செத்துவிட்டது, ஸ்பிரிங்கைக் குறை சொல்லாதே. பக்கக் காற்று அடிக்கும்போது பின்பக்கம் தனியாக நெளிந்தால் திரும்பி வந்து யூ போல்ட்டையும் புஷ்ஷையும் பார். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்து, யூ போல்ட் நட்டு கொஞ்சம் தளரும். அப்போது மறுபடி முறுக்க வேண்டும். அந்தத் தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காதே. வண்டிக்காரர் வரவில்லையென்றால் நீயே போன் செய்.

13. பணம் வாங்கிய பிறகு பாரத்தைப் பற்றிப் பேசு, முன்னால் பேசினால் அவர் காதில் ஏறாது. சரக்கு வண்டியின் பக்கத்தில் வெறும் எடையும் சரக்கோடு சேர்ந்த எடையும் எழுதியிருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து அவர் எதிரிலேயே கணக்குப் போட்டுக் காட்டு. உரித்த தேங்காய் ஒன்று அரைக் கிலோவுக்குக் குறையாது. தைப்பூச நேரத்தில் ரதத்தின் முன் உடைக்க ஆயிரம் தேங்காய் ஏற்றினால் அரை டன்னுக்கு மேல், அதை வண்டி தாங்கும். இரண்டாயிரம் ஏற்றி, மேலே நான்கு பேரையும் உட்கார வைத்தால் தாங்காது. தேங்காயைவிட மணல்தான் மோசம், ஏனென்றால் அது பார்வைக்குக் கொஞ்சமாகத் தெரியும். ஒரு கனமீட்டர் ஈர மணல் ஏறக்குறைய இரண்டு டன். நீளப் பெட்டி உள்ள பிக்கப்பில் விளிம்பு வரை கொட்டினால் மூன்று டன்னை நெருங்கும். ஒரு டன் வண்டிக்கு அந்தப் பெட்டியில் 15 சென்டிமீட்டர் உயரம்தான் கணக்கு. மணல் ஏற்றுகிறவருடைய வண்டியென்றால், பெட்டியின் உட்புறம் நான்கு பக்கமும் அந்த உயரத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக் கொடு. அதற்குக் காசு வாங்காதே.